மாமாவின் படத்துக்கு மாலை

சென்னை, வளசரவாக்கம்
1 செப்டம்பர் 2025

அக்கா,

முடியாது என்று நான் சொல்லவில்லை. மாமாவின் படத்தைக் கழற்றினால் சுவரில் வெளிறிப்போன ஒரு கட்டம் தெரியும் என்றுதான் சொன்னேன். அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். அதனால் தபால். தபாலை பிளாக் செய்ய முடியாது, கிழிக்கலாம். படித்துவிட்டுக் கிழி.

போன வருடம், இதே செப்டம்பர். சீரியலின் முதல் நாள் படப்பிடிப்பு. நான் அப்போது இணை இயக்குநர். கதாநாயகி துர்கா, புருஷனை இழந்தவள். கூடத்துச் சுவரில் அவன் படம், மாலை, சிவப்பு பல்பு. படத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகர் காலையில் வரவில்லை. அவருடைய அம்மா விடவில்லையாம். மாலை போட்ட படம் என்றால் நிறைய பேர் கடைசி நிமிடத்தில் கையை விரித்துவிடுவார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் போனில் மாமா இருந்தார். உங்கள் வீட்டு மொட்டைமாடி, வெள்ளைச் சட்டை, பாதிச் சிரிப்பு.

மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, உங்க படத்த சீரியல்ல செத்துப்போனவரா மாட்டிக்கட்டுமா?"

"நல்லா பெருசா மாட்டு. மார்க்கெட்டே பாக்கணும்" என்றார்.

உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் முகம், அவர் சம்மதம். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பழைய இயக்குநர் சண்டை போட்டுக்கொண்டு போனார். நாற்காலி எனக்கு வந்தது. நான் உதவியாளராக வேலை செய்த மூன்று படங்கள் உனக்குத் தெரியும். ஒன்றும் வெளிவரவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு என் பெயர் முதல்முறையாகத் திரையில் வருகிறது. முகப்புப் பாட்டின் கடைசியில் மாமாவின் படம், அதன் கீழே 'இயக்கம் கவிநிலா'. அந்த இடம் நான் கேட்டு வாங்கியது இல்லை.

இப்போது அந்த முகத்தை மாற்றினால் சேனல் காரணம் கேட்கும். என் அக்கா பயப்படுகிறாள் என்று நான் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு நெஞ்சுவலி ஜூலையில் வந்தது. படம் மாட்டியது அதற்கு வெகுநாள் முன்பு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. உனக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கவி


மூலக்குளம், புதுச்சேரி
4 செப்டம்பர்

கவி,

கிழிக்கவில்லை. மெடிக்கலில் பில் மெஷினுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சாயந்திரம் ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும் மருந்துக்கு பில் போடுகிறவளுக்கு ஏழரை மணி சீரியல் எப்படித் தெரியும்? ஊரே ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. உன் மாமாவும் வாயைத் திறக்கவில்லை. ஆஞ்சியோ எடுத்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டு லட்சுமி நலம் விசாரிக்க வந்தாள். வந்தவள் அவரைப் பார்க்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தாள். "தப்பா நெனச்சிக்காதக்கா, ஒண்ணு காட்றேன்" என்று போனை நீட்டினாள்.

அதில் உன் கதாநாயகி அவர் படத்துக்கு முன்னால் நின்று பொட்டை அழித்துக்கொண்டு அழுகிறாள். என் புருஷனைப் பார்த்து, "என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க" என்று கேட்கிறாள். நான் சமையல்கட்டில் நின்றுகொண்டு இதைப் பார்க்கிறேன். கூடத்திலிருந்து அவர், "நிர்மலா, வெந்நீ வெச்சியா?" என்கிறார்.

பெரிய மார்க்கெட்டில் இது ஒரு தமாஷ் என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய வாழையிலைக் கடைக்கு எதிரில் கீரை விற்கும் அன்னக்கிளி, "என்னா கமலு, நேத்து ஒனக்குப் படையல் போட்டாங்களே, வட வந்துச்சா?" என்று கேட்பாளாம். "வந்துச்சு, உப்பு கம்மி" என்பாராம் இவர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு வயசான அம்மா இலை வாங்க வந்து, இவரைப் பார்த்து "மொந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு இலையை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ். செப்டம்பர் 23ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.

மாத்திரையின் பெயரைப் பார்த்தால் அது எதற்கு என்று சொல்லத் தெரிந்தவள் நான். போட்டோவுக்குப் போட்ட மாலையால் ரத்தக்குழாய் அடைக்காது. தெரியும். தெரிந்தும் ஏழரை மணி ஆனால் கடையில் என் கை பில் போட மறுக்கிறது. இப்போது அங்கே அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. தினமும்.

படம் இருக்கட்டும். 23க்கு முன்னால் அந்த மாலையை மட்டுமாவது எடுத்துவிடு.

நிர்மலா


சென்னை
8 செப்டம்பர்

அக்கா,

முதலில் ஒரு செய்தி. தள்ளிப்போட்டால் எழுத மாட்டேன்.

23ஆம் தேதி எங்கள் சீரியலில் ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோட். துர்காவின் புருஷனுக்கு வருஷ தெவசம். மகாளய அமாவாசை முடிந்த கையோடு போட்டால் நன்றாகப் போகும் என்று சேனல் தேதி வைத்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தாளில் தேதியைப் பார்த்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இராமதாஸ் சாரிடம் போனேன். அவர்தான் தயாரிப்பு நிர்வாகி. சேனலுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்பவர். காரணம் சொல்லாமல் கேட்டேன்.

"சார், அந்தப் படத்துல மாலைய மட்டும் எடுத்துடலாமா?"

"மாலை இல்லாம மாட்டுனா ஆளு உயிரோட இருக்கான்னு அர்த்தம்மா. ஜனங்க கொழம்பிடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு மணி நேரத்த நல்லா பண்ணிக் குடு. சேனல்காரங்க சினிமா எடுக்கப்போறாங்க. மொத டைரக்டர் நீதான்னு பேசி வெச்சிருக்கேன்."

என் படம், அக்கா. நம் ஊரில் மில் மூடிய வருடத்தைப் பற்றி நான் எழுதி எழுதி அடித்த கதை. அதை அவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்போம். எங்கும் சேர்க்க மாட்டோம். அவர் உயிரோடு இருக்கிறார் என்று கேமராவுக்குச் சொல்வதற்காக. பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு வந்த புதிதில் நான் இதைக் கிண்டல் செய்திருக்கிறேன். மாமாவின் படத்தை மாட்டிய அன்று கேமராமேன் அன்பழகன், "சிரிக்கிற ஷாட்டு ஒண்ணு எடுக்கணுமேம்மா, ஆளு எங்க?" என்றார். "போட்டோவ எப்படிண்ணா சிரிக்க வைக்கிறது?" என்றேன். யூனிட்டே சிரித்தது.

போன வாரம் அவரிடம் மட்டும் மாமாவின் உடம்பைப் பற்றிச் சொன்னேன். நேற்றிலிருந்து படத்தின் மேல் வெளிச்சம் நேராக விழாதபடி விளக்கு வைக்கிறார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கூடத்தில் நான் மட்டும். அந்தச் சிவப்பு பல்பை அணைத்தேன். கொஞ்சநேரம் நன்றாக இருந்தது. பிறகு முந்தைய ஷாட்டில் அது எரிந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி போட்டேன்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பல்பை அணைத்தவள் நான்தான். இரண்டையும் எழுதுகிறேன்.

கவி


மூலக்குளம்
10 செப்டம்பர்

கவி,

23 என்று படித்ததும் காலண்டரைச் சுவர் பக்கம் திருப்பினேன். அவர் பார்த்துவிட்டார். கேட்டு வாங்கிக்கொண்டார் விஷயத்தை. "அன்னிக்கு எனக்கு ரெண்டு எடத்துல விசேஷம்னு சொல்லு" என்றார்.

இது வெளியில் காட்டுகிற முகம். அவர் எப்படி இருக்கிறார் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். குளியலறைக் கதவைத் தாழ் போடுவதில்லை. சட்டைப் பையில் என் நம்பரை எழுதி வைத்துக்கொள்கிறார். இலை எந்த ஊரிலிருந்து வருகிறது, யாரிடம் பேச வேண்டும், எந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார். "சும்மா தெரிஞ்சி வெச்சிக்க" என்கிறார். நானும் சும்மா கேட்டுக்கொள்வது போலக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

சினிமா உனக்குக் கிடைக்கட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆபரேஷன் அன்றைக்கு மட்டும் நீ ஆஸ்பத்திரிக்கு வராதே. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் படம்தான் தெரியும்.

நிர்மலா


சென்னை
12 செப்டம்பர்

அக்கா,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். நல்ல செய்தி. நல்ல செய்தி என்றுதான் நினைக்கிறேன்.

இராமதாஸ் சார் சொன்னது மண்டைக்குள்ளேயே சுற்றியது. மாலை இல்லாவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் ஆள் உயிரோடு இருக்கட்டுமே. தெவசத்துக்குப் படையல் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் துர்காவுக்கு ஒரு தகவல் வருகிறது. அவள் ஒரு துறைமுகத்துக்கு ஓடுகிறாள். அங்கே புருஷன் மீன் பிரித்துக்கொண்டிருக்கிறான். கடலில் விழுந்தவனை யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். பழசு மறந்துவிட்டது. அவளைப் பார்த்ததும் ஞாபகம் வருகிறது. வீட்டில் மாலையை இறக்குகிறார்கள்.

நீ சிரிப்பாய். சேனலில் கைதட்டினார்கள். ஒரே கேள்விதான் கேட்டார்கள்: ஒரு வருடமாகச் சுவரில் இருக்கும் முகம் வேண்டும், அந்த ஆள் கிடைப்பாரா? புதுச்சேரியில் இருக்கிறார், எனக்குத் தெரிந்தவர் என்றேன். என் அக்கா புருஷன் என்று சொல்லவில்லை. ஆபரேஷனைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் காப்பீடு, டாக்டர் கடிதம் என்று ஆரம்பித்து ஆளை மாற்றிவிடுவார்கள்.

மாமாவைச் சென்னைக்கு இழுக்க வேண்டாம். யூனிட்டே அங்கே வருகிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில், 19ஆம் தேதி, ஒரு பகல். அவர் நடக்க வேண்டியது கொஞ்ச தூரம். பேச வேண்டியது ஒரு சொல். "துர்கா."

23ஆம் தேதி நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவர் டிவியில் உயிரோடு எழுந்து வருவார். என்னால் செய்ய முடிந்தது இது.

சம்மதமா?

கவி


மூலக்குளம்
14 செப்டம்பர்

கவி,

உன் கடிதத்தை நான் படித்து முடிப்பதற்குள் அவர் தலைக்கு டை வாங்கி வந்துவிட்டார். "ஒரு வருஷம் கடல்ல கெடந்தவனுக்கு டை எதுக்குங்க?" என்றேன். "செத்தவன் தலைய பாத்தா ஜனங்க சிரிக்கக் கூடாது" என்றார். கண்ணாடி முன்னால் நின்று "துர்கா" என்று பல விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். லட்சுமி வாசலிலிருந்து, "மாமா, பக்கத்துத் தெருவுல ஒரு துர்கா இருக்கா, அவ புருஷன் வந்து ஒதைக்கப்போறான்" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

டாக்டரிடம் நடிப்பு என்று சொல்லவில்லை. ஒரு விசேஷத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். மாடி ஏறக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, உணர்ச்சிவசப்படக் கூடாது என்றார். அதனால் என் நிபந்தனை. ஓட வைக்காதே. அழ வைக்காதே. கத்தச் சொல்லாதே. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு நான் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடாதே. பேசினால் அழுவேன், அவருக்குக் கேட்கும்.

நீ ஆறாவது படிக்கும்போது உனக்கு ஜுரம் வந்தால் என்னைத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்வாய். எதற்காக இதை எழுதினேன் என்று தெரியவில்லை. கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நிர்மலா


சென்னை
17 செப்டம்பர்

அக்கா,

இதை மாமா பார்க்கக் கூடாது. கடையில் படி. அதனால்தான் கடை முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

இன்று காலை வசனத் தாள் வந்தது. கடைசி இரண்டு பக்கங்கள் நான் சொல்லாதவை. சேனலில் யாரோ யோசித்திருக்கிறார்கள்: திரும்பி வந்த புருஷனைத் தினமும் நடிக்க வைக்க வேண்டும், அவர் நடிகர் இல்லை, எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் அவர் திரும்பி வருகிறார், துர்காவை அடையாளம் தெரிந்துகொள்கிறார், அவளை நோக்கிச் சாலையைக் கடக்கிறார். ஐஸ் லாரி. அவள் மடியில் உயிர் போகிறது. அத்தோடு ஒரு மணி நேரம் முடிகிறது.

தாளில் இருக்கும் வரியை அப்படியே எழுதுகிறேன். 'அவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிகிறார்.' ஏன் நெஞ்சு? லாரி மோதினால் யாராவது நெஞ்சைப் பிடிப்பார்களா? எழுதியவருக்கு மாமாவைத் தெரியாது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. தெரிந்து எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

சுவரில் ஒரு படம் மட்டும் இருந்தது. நான் சரிசெய்கிறேன் என்று கிளம்பி அவரையே சாலையில் படுக்க வைக்கப் போகிறேன். ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால்.

இராமதாஸ் சாரிடம் இந்த முடிவு வேண்டாம் என்றேன். "இதுதான்மா எபிசோடே" என்றார். படத்துக்கு 25ஆம் தேதி கையெழுத்து என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

எங்களிடம் கையிருப்பில் எபிசோட் எதுவும் இல்லை. முன்கூட்டி எடுத்து வைத்திருந்தால் வேறு எதையாவது போடலாம். வெள்ளிக்கிழமை எடுப்பதுதான் செவ்வாய்க்கிழமை போகும். வேறு வழியில்லை, அவர்களுக்கும் எனக்கும்.

வேண்டாம் என்று நீ சொன்னால் மாமா வரமாட்டார் என்று சொல்லிவிடுகிறேன். சொல். நான் என்ன செய்யட்டும்?

கவி


மூலக்குளம்
18 செப்டம்பர்

கவி,

இதைத் தபாலில் போட நேரமில்லை. நாளைக்கு உன் கையில் தருவேன்.

எனக்கு ஏன் எழுதினாய்? வேண்டாம் என்று நான் சொன்னால் உன் சினிமா என்னால் போயிற்று என்று ஆகும். நீ சொல்லமாட்டாய். உன் முகம் சொல்லும், இன்னும் இருபது வருடத்துக்கு. சரி என்று சொன்னால், செவ்வாய்க்கிழமை ஏதாவது ஒன்று ஆனால், நானே சம்மதித்துப் படுக்க வைத்தேன் என்று ஆகும். நீ டைரக்டர். நான் மெடிக்கலில் பில் போடுகிறவள். உன் வேலையை என்னிடம் தராதே.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "அதுக்கென்னா, விழுந்துட்டாப் போச்சு" என்பார். விழுவார். அவரால் எழுந்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது.

காலையில் கூட்டி வருகிறேன். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறது.

நிர்மலா


சென்னை
21 செப்டம்பர்

அக்கா,

முழு நாளும் நீ அங்கேதான் இருந்தாய், வலை காயும் இடத்தில், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில். நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ பார்க்காததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று படித்தேன். பிறகு அன்பழகன் அண்ணனிடம் போனேன். "அண்ணா, இன்னிக்கு மெதுவா போகலாம்." அவர் என்னைப் பார்த்தார். "எவ்ளோ மெதுவா?" "வெளிச்சம் போற வரைக்கும்." தலையை ஆட்டிவிட்டு லென்ஸைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த லென்ஸை.

சீரியலில் நாங்கள் ஒரு காட்சியை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிப்போம். அன்றைக்கு ஏலத்தை எடுத்தேன். கூடைக்காரப் பெண்களை ஒவ்வொருவராக எடுத்தேன். ஒரு படகு உள்ளே வருவதற்காகக் காத்திருந்தேன், வந்ததும் வேறு படகு வேண்டும் என்றேன். மீன் பிரிக்கும் கைகளை எடுத்தேன். துர்கா ஓடி வருவதை மூன்று பக்கத்திலிருந்து எடுத்தேன். மாமா குடைக்கு அடியில் பொறுமை இழந்து, "எப்பம்மா நான் வர்றது? இந்த மீனுக்குக் குடுக்கற மரியாத எனக்கு இல்லியா?" என்றார். ஏலம் கூவுகிறவர், "யோவ் செத்தவரே, செத்த நேரம் சும்மா இருய்யா" என்றார். அதற்கு நீகூடச் சிரித்தாய். பார்த்தேன்.

ஒரு வருடத்தில் முதல்முறையாக ஒரு காட்சியை நான் நினைத்தபடி எடுத்தேன். நேரத்தைக் கொல்வதற்காக எடுத்தது. அதுதான் நான் இதுவரை எடுத்ததிலேயே நன்றாக இருக்கிறது. எடிட்டிங்கில் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

மாமா நடந்து வந்து "துர்கா" என்று சொன்னபோது சூரியன் படகுகளுக்குப் பின்னால் போய்விட்டது. ஐஸ் லாரி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. துறைமுகத்தில் எங்களுக்கு ஆறரை வரைதான் அனுமதி.

நீங்கள் ஆட்டோவில் போன பிறகு இராமதாஸ் சார் வந்தார்.

"வெளிச்சம் போச்சு சார்" என்றேன்.

"போகல. நீ போக வெச்ச." அவர் கத்தவில்லை. "யாரு அவரு?"

"அக்கா வீட்டுக்காரர் சார். செவ்வாக்கெழமை பைபாஸ்."

ஐஸ் லாரிக்காரரைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். "இத நீ மொதல்லயே சொல்லியிருந்தா போட்டோவையே மாத்தியிருப்பேனே. கிராபிக்ஸ்ல ஒரு நாள் வேல. எதுக்கு இவ்ளோ?"

உண்மையாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா, தெரியவில்லை. நான் ஒருமுறைகூடக் காரணத்தைச் சொல்லிக் கேட்டதில்லை. அக்காவின் பயத்தை வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுவருகிறவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். பெண் டைரக்டர் என்றால் இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று. என் பயத்தை மறைக்க உன் பயத்தை வளர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை போவது நான் வெட்டிக் கொடுத்த எபிசோட். மாமா துறைமுகத்திலேயே நிற்கிறார், அதோடு முடிகிறது. போட வேறு எதுவும் இல்லை, அதனால் அதைப் போடுவார்கள். நாளையிலிருந்து வேறு இயக்குநர். 25ஆம் தேதியைப் பற்றி இராமதாஸ் சார் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வாங்கியது ஒரே ஒரு நாள், அக்கா. புதன்கிழமை அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமா இல்லாமலே அவர்களால் அவரைக் கொல்ல முடியும். கதையில் ஒரு போன் மணி அடித்துச் சாவுச் செய்தி வந்தால் போதும். அந்தப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வராதே என்று சொன்னாய். ஆனாலும் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை வரட்டுமா?

கவி


ஆஸ்பத்திரி
23 செப்டம்பர்

கவி,

உன் கடிதம் நேற்று கூரியரில் வந்தது. பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், காத்திருக்கும் கூடத்தில், மருந்து வாங்கிய ரசீதுகளின் பின்பக்கத்தில்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வண்டியில் படுத்துக்கொண்டே, "இலைக்காரர்கிட்ட போன் பண்ணிட்டியா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் அவருடைய சட்டையையும் அரைஞாணையும் கழற்றிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன். சாதாரணப் பைதான். ஆனால் மடியை விட்டுக் கீழே வைக்கப் பயமாக இருக்கிறது.

மதியம் ஒரு நர்ஸ் வெளியே வந்து இன்னும் ரத்தம் வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான் என்றார். வழக்கமாக என்றால் ஏன் அவ்வளவு வேகமாக நடந்தார்? மார்க்கெட்டிலிருந்து அன்னக்கிளி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டு, தமாஷ் எதுவும் பேசாமல் போனாள்.

சாயந்திரம் ஆகியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழரை மணிக்குக் கூடத்து டிவியில் யாரோ சீரியலை வைத்தார்கள். நான் எழுந்துபோய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பார்த்தேன். பக்கத்தில் பிரசவத்துக்குத் துணைக்கு வந்த ஒரு பெண், "பாரேன், செத்தவன் வந்துட்டான்!" என்று என் தோளைத் தட்டினாள். அந்த ஆள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.

அழகாக எடுத்திருக்கிறாய். எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆனாலும் தெரிந்தது. ஒன்று கேட்கிறேன். அவர் அப்படி நடக்கிற ஆள் இல்லை. மார்க்கெட்டில் பத்து பேரை இடித்துக்கொண்டு நடப்பார். அங்கே ஒவ்வொரு அடியாக வைத்து வருகிறாரே, நீ மெதுவாக வரச் சொன்னாயா? இல்லை அவருக்கு வலித்ததா? நான் கூப்பிடு தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

சீரியல் முடிந்து விளம்பரம் ஓடும்போது டாக்டர் வந்தார். முடிந்துவிட்டது, ஐசியுவில் வைத்திருக்கிறோம் என்றார். நினைவு வந்துவிட்டதா என்றேன். வரட்டும், பார்க்கலாம் என்றார். கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் காட்டினார்கள். குழாய்களுக்கு நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. டை அடித்த தலை. அசைவில்லை. மெஷினில் ஒரு கோடு ஓடுகிறது. அதை நான் நம்புகிறேன்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. இப்போது அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. புதன்கிழமை அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். நான் அதைப் பார்க்கப்போவதில்லை. பார்க்காமல் இருக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

கண் விழித்தால் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "நான் எப்படி நடிச்சேன்?" என்பார். அதற்கு நான் என்ன சொல்வது? நன்றாக நடித்தீர்கள் என்றால் என் பேச்சை நம்பமாட்டார். அதை டைரக்டர்தான் சொல்ல வேண்டும்.

காலையிலிருந்து நீ ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக லட்சுமி சொன்னாள். எழுந்து போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை என்றாள். இதை அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இரண்டாவது மாடி. இடது பக்கம்.

நிர்மலா


கவிநிலா இதை டீக்கடை வெளிச்சத்தில் நின்று படித்தாள். பதில் எழுதவில்லை. லட்சுமியோடு சாலையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போனாள்.